ஸ்டோர் ரூமின் உள்பக்கத் தாழ்ப்பாள்

யாழினி, கதிர்,

இந்த வாரப் பத்திரிகை வீட்டுக்கு வந்து சேரும்போது நான் கடையில் இருப்பேன். வேண்டுமென்றேதான் இருப்பேன். இதைப் படிக்கும்போது உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

போன வாரம் இதே பக்கத்தில் பழைய ஸ்கூட்டர் வாங்கி ஏமாந்த கதையை எழுதியிருந்தேன். சத்தமாக வாசித்துச் சிரித்தீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் வெங்காயம் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போன யாழினி, வெளியே வந்து கேட்டாள்.

"ஏம்ப்பா, இந்த ரூமுக்குள்ள அரிசியும் வெங்காயமுந்தான் கெடக்கு. இதுக்கு எதுக்கு உள்பக்கம் தாப்பா? வெங்காயம் எந்திரிச்சுப் பூட்டிக்கிறதுக்கா?"

கதிர் தரையில் உருண்டு சிரித்தான். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டு, கடைச் சாவியைத் தேடுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்தத் தாழ்ப்பாளை மாட்டியவன் நான்தான். யாருக்காக மாட்டினேனோ அவள் அதை ஒரு நாளும் போட்டதில்லை. அவள் போன பிறகுதான் மாட்டினேன்.

எழுதட்டுமா என்று உங்கம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு, "எழுதுங்க. என்னைய நல்லவளாக்கி எழுதிறாதீங்க" என்றாள்.

இடுப்பில் ஒட்டிய பிள்ளை

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் கரும்புச் சக்கை இன்னும் கூட்டாமல் கிடந்தது. கதிர், உனக்கு அப்போது பத்து மாதம். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாய். உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நீட்டி வாங்கியிருந்த பிரசவ லீவு முடிய நான்கு நாள்தான் பாக்கி. நர்ஸ் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. வீட்டோடு தங்கிப் பிள்ளை பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று அறந்தாங்கி முழுக்கச் சொல்லி வைத்திருந்தோம்.

வாசலில் வேலு வந்து நின்றார். கடைக்கு மோட்டார் கொண்டுவருகிற பழக்கம். வல்லத்திராக்கோட்டைக்கு உள்ளே தள்ளி ஓர் ஊர். பக்கத்தில் அவருடைய அக்காள் மகள், கையில் மஞ்சள் பையோடு.

அவள் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். தேன்மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழினி, நீ அவளைக் கூப்பிட்ட பெயர் உனக்கு ஞாபகம் இருந்தால் அது உன்னோடு இருக்கட்டும்.

தாவணி கட்டியிருந்தாள். அதை ஐந்து இடத்தில் ஊக்குக் குத்தி நிறுத்தியிருந்தார்கள். காலில் இருந்த செருப்பு குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நீண்டிருந்தது. இதையெல்லாம் நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். பார்த்ததால்தான் இப்போது எழுத முடிகிறது.

பிள்ளை பார்க்க ஆள் வைப்பதென்றால் எங்கள் பக்கத்தில் பேச்சுக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பது. இடுப்பில் ஒட்டிக்கொண்டால் ஆள் சரி. ஒட்டாமல் நெளிந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். படிப்பு, ஊர், வயது எல்லாம் அப்புறம்தான்.

உங்கம்மா கதிரை நீட்டினாள். அந்தப் பெண் பையைக் கீழே வைத்தாள். இடது இடுப்பைக் கொஞ்சம் வெளியே தள்ளி, ஒரு கையாலேயே வாங்கி உட்கார வைத்துக்கொண்டாள். நீ அவள் தோளில் தலையைச் சாய்த்தாய். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அழுகை நின்றது. வீட்டில் மின்விசிறிச் சத்தம் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது.

நாலைந்து பிள்ளை வளர்த்தவள் மாதிரித் தூக்குகிறாளே என்றேன். தம்பி தங்கை மூன்று பேரையும் இவள்தான் தூக்கி வளர்த்தாள் என்றார் வேலு. தகப்பன் தென்னை மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார், தாய் கடலைக் காட்டுக்குப் போகிறாள், அதனால் என்றார்.

அந்த இடுப்பு எத்தனை வயதில் வளையத் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிள்ளைக்குக் கீழே எத்தனை பிள்ளை பிறந்தது என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும். பிள்ளைக்கு என்ன வயது என்று சொல்லாது.

வயது கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

"பதினெட்டு முடிஞ்சு போச்சுண்ணே" என்றார் வேலு. அவள் உன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் ஒன்றை மடித்துக் கொடுத்தார். ஜெராக்ஸில் பிறந்த தேதி இருக்கிற வரி மட்டும் கறுப்பாக மை அப்பியிருந்தது. அசல் எங்கே என்று நான் கேட்கவில்லை. மடிப்பைக்கூட முழுசாகப் பிரிக்காமல் கடை நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

நேம் பிளேட் இல்லாத மோட்டார்

இங்கே கொஞ்சம் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மோட்டார் உடம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கும். நேம் பிளேட் என்போம். எத்தனை ஹெச்.பி., எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று அதில் இருக்கும். பழைய மோட்டார்களில் அது துருப்பிடித்து விழுந்துபோயிருக்கும். கொண்டுவருகிற விவசாயி, "அஞ்சு ஹெச்.பி. தம்பி" என்பார். நான் நம்பமாட்டேன். உள்ளே பிரித்து, கம்பியின் கனத்தை அளந்து, சுற்று எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். முக்கால்வாசி நேரம் அது மூன்று ஹெச்.பி.யாகத்தான் இருக்கும். அஞ்சு ஹெச்.பி. வேலையை அதன் தலையில் கட்டி, எரித்துவிட்டுக் கொண்டுவந்திருப்பார்கள். மோட்டார் மோசம் என்று வேறு திட்டுவார்கள். அதுமேல தப்பில்லைங்க, ஏத்துன பாரந்தான் தப்பு என்று நான் பெரிய மனிதன் மாதிரிச் சொல்வேன்.

எவனோ சொன்ன வார்த்தையை நம்பி ஒரு மோட்டாரைக்கூட நான் தொட்டதில்லை.

வயது விஷயத்தில் எங்கள் தலைமுறைக்கே ஓர் அலட்சியம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் பிறந்த நாள் ஜூன் முதல் வாரம் என்று நீங்கள் கேக் வெட்டுகிறீர்கள். அது எங்கள் தலைமையாசிரியர் வைத்த தேதி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். தொட்டதும் எனக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த ஒரே வாரத்தில் பிறந்தவர்கள்தான்.

எனக்கு ஒரு வயதைக் கூட்டி வைத்ததால் பள்ளிக்கூடம் கிடைத்தது. அவளுக்குக் கூட்டி வைத்ததால் போய்விட்டது. அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் படிக்காதவன் இல்லை. ஒன்பதாவது வரை படித்திருக்கிறேன்.

கேள்வி கேட்ட அக்கா

தேன்மொழிக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் ஆலங்குடிப் பக்கத்து அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். பிள்ளையை நன்றாகத்தான் வாங்கினார். ஆனால் முழங்கால் வலி, கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அவராகவே சொல்லிவிட்டுப் போய்விட்டார். நேர்மையான மனுஷி.

இரண்டாவதாக வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். திருப்பூரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தவர். கதிர், நீ அவரிடமும் ஒட்டிக்கொண்டாய். சோதனையில் அவரும் தேறினார். ஆனால் காப்பியைக் குடித்துவிட்டு அவர் எங்களைச் சோதிக்க ஆரம்பித்தார். வாரத்தில் எந்த நாள் லீவு? பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரை எழுப்ப வேண்டும்? பாத்திரம், துணி எல்லாம் நானா, பிள்ளை மட்டுமா? கடைசியில், எங்கே படுக்க வேண்டும் என்று கேட்டார். ஸ்டோர் ரூமைக் காட்டினேன். கதவை இழுத்துப் பார்த்தார்.

"இதுக்கு உள்பக்கம் தாப்பா இல்லையேங்க."

போட்டுத் தரலாம் என்றேன். போட்ட பிறகு வருகிறேன் என்று போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள், இது சரிப்படாது, வரும்போதே இத்தனை பேச்சு என்று உங்கம்மாவிடம் சொன்னேன். பக்குவமான ஆள்தானே என்று அவள் இழுத்தாள். பக்குவமாம், வாய்க்கு வந்ததெல்லாம் கேட்பது பக்குவமா என்று அடக்கிவிட்டேன்.

பிள்ளைகளே, பக்குவம் என்றால் என்ன என்று எனக்கு அன்று தெரியவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவர்தான், பேசத் தெரியாத பிள்ளைக்கு என்ன வேண்டும் என்றும் பார்ப்பார். நான் அடக்கத்தைப் பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன். தேன்மொழி எதையும் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்று தெரிந்ததால்தான் எனக்குப் பிடித்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இதுதான் உண்மை.

அந்தத் தாழ்ப்பாளையும் வாங்கவில்லை. கேட்ட ஆள்தான் வரவில்லையே.

பெருச்சாளிக்கு வைத்த பொறி

மூன்றரை மாதம் இருந்தாள்.

வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பருப்புச் சோற்றைக் குழைத்து, விரல் நுனியில் எடுத்து உன் நாக்கில் தடவுவாள். நீ துப்பினால் தன் வாயைப் பிளந்து காட்டுவாள். நீயும் பிளப்பாய். உனக்குப் பல் வந்ததை முதலில் கண்டுபிடித்தவள் அவள். யாழினிக்கு ரெட்டைச் சடை போடுவாள். யாழினி அவளுக்குப் போட்டுவிடுவாள். அது கோணல்மாணலாக இருக்கும். அதோடேயே கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வருவாள்.

ஆனால் டிவியில் பொம்மைப் படம் ஓடினால் அவளும் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவாள். யாழினி அப்போது யூ.கே.ஜி. யாழினி வண்ணம் அடிக்கும்போது, "அந்த ஆனைய எனக்குத் தாரியா" என்று தேன்மொழி கேட்பாள். கொடுத்தால் கோட்டுக்கு வெளியே போகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பாள்.

அடுத்த வீட்டுப் பாத்திமா அக்காவை உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் துபாயில். ஒரு நாள் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க வீட்டுப் புள்ளைய அது பாத்துக்கிருது. சரி. அதை யாரு பாத்துக்கிறது?"

பதினெட்டு ஆகிவிட்டது அக்கா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த அக்காவுக்கு அடுத்த வீட்டு விவகாரம் இல்லாமல் பொழுது போகாது என்று உங்கம்மாவிடம் சொன்னேன்.

உங்கம்மா சிரிக்கவில்லை. பதினெட்டு இருக்காதுங்க, பதினாறு இருக்கும் என்றாள். பதினாறு என்று நாங்களே ஒரு வயதைப் பேசி முடித்துக்கொண்டோம். பதினாறாவது சரியா என்று கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் உங்கம்மாவுக்குக் காலை ஷிப்ட்.

இன்னொன்று. அவள் வந்த நாளிலிருந்து, நாங்கள் விளக்கை அணைத்த பிறகு கர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு தடவைதான். விடிகாலையில் இன்னொரு தடவை. பெருச்சாளி என்று நினைத்து, கடைவீதியில் பெரிய பொறி ஒன்று வாங்கி, தேங்காய்ச் சில் மாட்டி ஸ்டோர் ரூம் வாசலில் வைத்தேன். ஒன்றும் விழவில்லை.

நாலு மணி

கதிர், உன் இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறதே. நாற்காலியிலிருந்து விழுந்தாய் என்று சொல்லி வளர்த்தோம். நீ நாற்காலியிலிருந்து விழவில்லை.

சித்திரை வெயில், மணி நாலு. உங்கம்மா டூட்டியில். நான் கடையில். பாத்திமா அக்கா போன் செய்தார். தம்பி ரத்தமாக வருகிறது, ஓடிவாங்க என்றார்.

வாசலில் தெருப் பிள்ளைகள் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடியிருக்கிறார்கள். யாழினி, நீதான் தேன்மொழியைக் கூப்பிட்டாய். அவள் கதிரை வாசல் நிலைக்கு உள்ளே பாயில் உட்கார வைத்து, கையில் கரண்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரே ஓர் ஆட்டம் என்று வந்திருக்கிறாள். நடக்கப் பழகிய பிள்ளை எழுந்து வந்து, மூன்றாவது படியிலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டது.

நான்கு தையல். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். உங்கம்மாவிடம் கதிரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் அதே கட்டத்துக்குப் பக்கத்தில், வெயிலில், நான் கதிரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது எப்படி நின்றாளோ அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையில் பாண்டி ஆடுகிற சில்லு. ஓட்டுத் துண்டை யாரோ உரசி உரசி வட்டமாக்கியது.

"இம்புட்டுப் பெரிய பொண்ணு, ஒனக்கு அறிவு வேணாம்? ஆட்டம் போடுற வயசா ஒனக்கு?"

நான் கத்தியது பாத்திமா அக்கா வீட்டுக் கொல்லை வரை கேட்டதாம். அவள் கையைப் பிடித்து இழுத்து, விரல்களைப் பிரித்து, அந்தச் சில்லைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அவள் அழவில்லை. தம்பிக்கு வலிக்குதாண்ணே என்று மட்டும் கேட்டாள்.

"நாந்தேன் கூப்பிட்டேன், நாந்தேன் கூப்பிட்டேன்" என்று, யாழினி, நீ என் காலைக் கட்டிக்கொண்டாய். உன்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

எனக்கு நன்றாகத் தெரியும், அந்த வயது ஆட்டம் போடுகிற வயதுதான் என்று. தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

அரையா, முழுசா

மறுநாள் காலை நானே கூட்டிக்கொண்டு போனேன். வேலுவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அவளும் மஞ்சள் பையும். அன்று தாவணி கட்டவில்லை. யாரும் கட்டிவிடவில்லை. வரும்போது பையில் வைத்திருந்த பாவாடை சட்டையைப் போட்டிருந்தாள். இடுப்பில் பிள்ளையும் இல்லாமல் அவளை முழுதாக அன்றுதான் பார்த்தேன். பஸ் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடிக்க எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

கண்டக்டர் வந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு அரையா, முழுசாண்ணே?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"முழுசு. எனக்குப் பதினெட்டு."

கண்டக்டர் சிரித்தார். "அப்படிப் போடு. ஒனக்குப் பதினெட்டுன்னா நான் எப்பவோ ரிட்டயர் ஆகியிருக்கணும் ஆத்தா" என்று முழு டிக்கெட்டையே கிழித்துக் கொடுத்துவிட்டு அங்கிட்டு நகர்ந்தார்.

கொஞ்ச தூரம் போனதும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு மாமா சொல்லுச்சு. இல்லன்னா ஒங்களப் போலீசு பிடிச்சுக்கிருமாம்ல?"

முந்தின நாள் தெருவில் வைத்து அத்தனை பேச்சுப் பேசியவனை, அவள் மறுநாள் பஸ்ஸில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரில் பக்குவமானவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடலை உடைத்துக்கொண்டிருந்த அம்மா

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. வழி நெடுக முந்திரிக் காடு. அவள் எனக்கு முன்னால் ஒற்றைக் காலால் தாண்டித் தாண்டிப் போனாள். நான் இருப்பது ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டு ஒழுங்காக நடந்தாள்.

அவள் அம்மா விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சில்லை எறிந்ததைச் சொல்லவில்லை. அவர் எழுந்து இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார்.

"சின்னப்புள்ள, தெரியாமச் செஞ்சிருச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

என்ன வயது ஆகிறது என்று கேட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டேன்.

"வார ஆடிக்குப் பதிமூணு முடியுதுங்க" என்றார். என்னிடம் பதினெட்டு என்று சொல்லி வைத்திருப்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, குரலில் ஓர் ஒளிவும் இல்லை.

சுவர் ஆணியில் நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்று தொங்கியது. டீச்சர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனதாகவும், சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருப்பதாகவும் அவர் சொன்னார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், நான் போய் டீச்சரிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. டீச்சரிடம் போனால், மூன்றரை மாதம் எங்கே இருந்தாள் என்று அவர் கேட்பார். எங்கள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில், பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைப் பார்த்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பர் பெரிதாக எழுதியிருக்கும். எத்தனையோ நாள் அதற்கு எதிரே நின்று டீ குடித்திருக்கிறேன்.

கொடுத்த மோரைக் குடித்தேன். கிளம்பினேன்.

அவள் வேலி வரை வந்தாள். "தம்பிக்குத் தையல் பிரிச்சதும் சொல்லி அனுப்புங்கண்ணே" என்றாள்.

தையல் பிரித்தோம். நான் சொல்லி அனுப்பவில்லை.

தரையில் ஒரு கோடு

அவள் போன பிறகு உங்கம்மா ஸ்டோர் ரூமைக் கழுவினாள். என்னைக் கூப்பிட்டாள். அரிசி வைக்கிற தகர டிரம்மைக் காட்டி, இது கிடக்கும் இடத்திலிருந்து கதவு வரை பாருங்கள் என்றாள்.

சிவப்புத் தரையில் வெள்ளையாக ஒரு கோடு. ஒரு நாளில் விழுந்த கோடு இல்லை. போகவும் வரவும் உரசி உரசி விழுந்தது.

பெருச்சாளி இல்லை. தினமும் படுக்கப் போகும்போது டிரம்மை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். விடிந்ததும் நாம் எழுவதற்குள் திரும்பத் தள்ளி வைத்திருக்கிறாள்.

அந்த வீட்டில் அவளுக்கு அந்நியமான ஆண் பிள்ளை நான் ஒருவன்தான். நான் அந்தக் கதவுப் பக்கம் போனவன் இல்லை. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? பதிமூன்று வயதுப் பிள்ளை, தெரியாத ஊர், தாழ்ப்பாள் இல்லாத கதவு. கேட்கத் தெரிந்த அக்கா வாயால் கேட்டார். கேட்கத் தெரியாத பிள்ளை டிரம்மைத் தள்ளியது. நான் எலிப்பொறி வாங்கினேன்.

உங்கம்மா டிரம்மின் மேல் கையை வைத்தபடி, "தெனம் சத்தம் கேட்டுச்சுங்க. நானும்தான் கேட்டேன்" என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேலையில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தாள். சம்பளம் இல்லாத லீவு. அப்படித்தான் நீங்கள் வளர்ந்தீர்கள்.

ஒரு மாதம் கழித்து வேலு எரிந்த மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். நானாகத்தான் கேட்டேன், தேன்மொழி எப்படி இருக்கிறாள் என்று. திருச்சியில் ஒரு வீட்டில் விட்டிருக்கிறேன், பெரிய வீடு, ஏசி எல்லாம் இருக்கிறது என்றார்.

அவங்க வயசு கேக்கலையா என்றேன்.

"கேக்காம இருப்பாங்களா? அறந்தாங்கியில நர்ஸம்மா வீட்டுலயே இருந்த புள்ளைங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு கேள்வி இல்லண்ணே. ஒடனே சரின்னுட்டாங்க."

அவர் நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். ஆதார் அட்டைக்குப் பதிலாக இப்போது எங்கள் வீடே அவளுக்குச் சான்றிதழ் ஆகியிருந்தது. அந்தத் திருச்சி வீட்டு விலாசத்தை நான் கேட்டு வாங்கியிருக்கலாம். அன்றைக்காவது அந்தச் சுவர் நம்பருக்குப் பேசியிருக்கலாம். மோட்டாரைப் பிரித்துக் கம்பியை அளந்துகொண்டிருந்தேன். பிறகு வேலுவும் கடை மாறிவிட்டார். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

யாழினி, அன்றைக்கு அவளுக்கு இருந்ததைவிட உனக்கு இப்போது ஒரு வயது கூட. போன மாதம் பாத்திமா அக்கா தன் பேரப் பிள்ளையை உன்னிடம் பத்து நிமிஷம் கொடுத்தார். கை வலிக்குதுப்பா என்று என்னிடம் நீட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாய். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். உனக்கு அது ஏன் என்று அன்று தெரிந்திருக்காது.

வேலு வந்துபோன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை. உங்கம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கடைவீதிக்குப் போய்ப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றும் ஸ்குரூவும் வாங்கி வந்தேன். ஸ்டோர் ரூம் கதவுக்கு உள்பக்கம் அளந்து, ஓட்டை போட்டு மாட்டினேன். உள்ளே நின்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். பிடித்தது.

பிறகு அதைத் திறந்துவிட்டு, டிரம்மின் பக்கம் போனேன். புது மூட்டை அரிசி கொட்டி நிறைந்திருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே அதைக் கதவு வரை தள்ளிப் பார்த்தேன். ஒரு கையால் ஆகவில்லை. இரண்டு கையையும் வைத்து, காலைச் சுவரில் ஊன்றித்தான் நகர்த்த முடிந்தது.